குஞ்சப்பனை, பலாப்பழ மாதம்

கோயம்புத்தூரிலிருந்து வந்த பயிற்சியாளர்
திரையில் ஒரு கண்ணாடித் தம்ளரைக் காட்டி
பாதி நிறைந்ததா, பாதி காலியா என்றார்.
பக்கத்திலிருந்த ஹாலன் என் காதோரம் சொன்னான்:
"கண்ணாடிதானே, விட்டுடலாம்.
பிளாஸ்டிக்னாதான் நம்ம கேஸு."
சிரிப்பை அடக்கப்போய் எனக்குப் புரையேறியது.
நேர்மறை மனப்பான்மை பற்றிய
அந்த இரண்டு மணி நேரத்தில்
நான் மனசாரச் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் காலை ஆறு மணி.
மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் முதல் வண்டி
மஞ்சுக்குள் இரண்டு மங்கல் விளக்காய் நின்றது.
"தண்ணி பாட்டில் இருக்கா? எடுங்க."
ஏழு வருஷமாய் இதே வாக்கியம்.
திருட்டுச் சாமான் தேடுகிறவள் குரல்.
பதிலுக்கு வருவதும் அதேதான்:
கலெக்டர் ஆபீஸில் ஆளிருக்கிறது என்று ஒருவர்,
பிள்ளைக்கு விக்கினால் நீயா தருவாய் என்று ஒருத்தி,
தினக்கூலிக்கு இத்தனை அதிகாரமா என்று
கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே ஒரு மூக்குக் கண்ணாடி.

சட்டையில் குத்திக்கொள்ளத் தந்த வில்லையில்
மஞ்சள் முகமொன்று இளித்துக்கொண்டிருந்தது.
என் பங்குக்கு அது சிரிக்கட்டும் என்று
என் முகத்தை நானே வைத்துக்கொண்டேன்.
"யோகேஸ்வரி, இந்த வில்லையும் பிளாஸ்டிக்தான்.
பறிமுதல் பண்ணட்டுமா?" என்றான் ஹாலன்.

அவன் பக்கம் மட்டும் ஏன் ஹாரன் சத்தம் குறைவு?
அன்றைக்குத்தான் காதுகொடுத்துக் கேட்டேன்.
"தாகமா இருக்கும், குடிச்சிட்டுக் கொடுங்க.
மேலே அரவேணுல தண்ணி மெஷின் இருக்கு."
அவ்வளவுதான்.
பாட்டில் காருக்குள் கைமாறிக் கைமாறிப் போகும்.
கடைசி மடக்கு கடைக்குட்டிக்கு.
அந்த ஒரு நிமிஷம் ஹாலன்
எதிர்ச்சரிவைப் பார்த்துக்கொண்டு நிற்பான்,
சம்பளத்தில் சேராத நிமிஷம்போல.

நானும் சொல்லிப் பார்த்தேன்.
முதல்முறை நாக்கு இடறியது.
"குடிச்சிட்டா? காலங்காத்தாலயேவா அக்கா?"
என்றது திருப்பூர் வேன்.
வேன் முழுக்கச் சிரிப்பு. எனக்கும் வந்தது.
அடுத்த கார் வழக்கம்போல் திட்டிவிட்டுப் போனது.

புதன்கிழமை,
வளைவு தாண்டிப் பலா மரத்தடியில்
பிண்டம் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
பலாக்கொட்டை, புல், நார்.
நடுவே ஒரு சிப்ஸ் பாக்கெட்.
அத்தனை பெரிய வயிற்றைக் கடந்து வந்தும்
விலை அழியவில்லை, இருபது ரூபாய்.
ஹாலன் குச்சியால் புரட்டிப் பார்த்தான்.
"இது தப்பிச்சது யார் ஷிப்ட்ல?"
பகடி இல்லை அவன் குரலில்.
இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை.
சாவடிக்குத் திரும்பும் வழியெல்லாம்
போன வார முகங்களை
ஒவ்வொன்றாய் ஓட்டிப் பார்த்தேன்.
மழை என்று கூரைக்குள் நின்றபடியே
கைகாட்டி அனுப்பிய வண்டிகள் எத்தனை?

மாதக் கடைசியில் ஒரு படிவம் வந்தது.
பயிற்சிக்குப் பின் உங்கள் மனப்பான்மை மாறியுள்ளதா?
ஆம், இல்லை. இரண்டே கட்டம்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
நேற்றுத் திட்டியவர்கள் பதினான்கு பேர்.
இன்று இந்நேரம் வரை ஒன்பது.
மழைக்கோட்டை இப்போதெல்லாம்
தூறலுக்கு முன்பே மாட்டிக்கொள்கிறேன்.
கால்வலி அப்படியேதான் இருக்கிறது.
இதற்கெல்லாம் கட்டம் போடவில்லை அவர்கள்.

வெளியே ஒரு வண்டி வந்து நின்றது.
படிவத்தின் மேல் கல்லை வைத்துவிட்டு எழுந்தேன்.
"தாகமா இருக்கும், குடிச்சிட்டு..."
முடிப்பதற்குள் ஓட்டி வந்த பெண்
தான் குடித்துவிட்டு, மீதியை
ஜன்னல் வழியே என்னிடம் நீட்டினாள்.
"நீங்களும் காலைலேர்ந்து நிக்கிறீங்கல்ல."

அண்ணாந்து குடித்தேன்.
தொண்டை வறண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.
பாட்டிலைக் கசக்கி மூட்டையில் போட்டு
கணக்கு நோட்டில் அதையும் ஒரு கோடு கிழித்தேன்.